காகிதப்பூவுக்கு ஊற்றிய தண்ணீர்

காக்ஸ் டவுனில் ஐரின் ஆன்ட்டி வீட்டு மதில் திரும்புகிற மூலையில் ஒரு காகிதப்பூச்செடி இருக்கிறது. செடி என்று சொல்வது ஒரு பேச்சுக்குத்தான். அடிமரம் ஆள் தொடைப் பருமன். மதில்மேல் ஏறி, கேட்டுக்கு மேலே வளைந்து, தெருவிளக்குக் கம்பத்தின் கழுத்தையும் கட்டிக்கொண்டு நிற்கிறது. பூக்கிற காலத்தில் அந்தப் பக்கம் போகிற ஸ்கூட்டர்கள் தானாக வேகம் குறைக்கும். துணிக்கடையில் ராணி கலர் என்பார்களே, அந்த நிறம். முள்ளும் அதே தாராளத்தோடு இருக்கிறது.

இதை நட்டவள் சங்கமித்ரா. அந்த வீட்டுக்குப் பின்னால் இருக்கும் இரண்டு அறை அவுட்ஹவுஸில் புருஷன் நாகேஷோடும் மகள் வீணாவோடும் பதினேழு வருஷமாகக் குடியிருக்கிறாள். நாகேஷ் ஆட்டோ ஓட்டுகிறான். வீணா கல்லூரிக்குப் போகிறாள். சங்கமித்ராவுக்கு ஹெப்பாலுக்கு அந்தப் பக்கம் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியில் பேன்ட்ரி வேலை. ஆறாவது மாடியில் காபி மெஷினுக்குப் பால் ஊற்றுவதும், கோப்பை கழுவுவதும், வரவேற்பறையில் தொங்குகிற பிளாஸ்டிக் காகிதப்பூவைத் திங்கள்கிழமைதோறும் ஈரத்துணியால் துடைப்பதும் அவள் பொறுப்பு. நிஜப்பூவுக்கே காகிதம் என்று பெயர் வைத்தாயிற்று, அதற்கு ஒரு பிளாஸ்டிக் நகல் வேறா என்று துடைக்கும்போதெல்லாம் முணுமுணுப்பாள்.

அவள் பிறந்தது கோலார் தங்கவயலில். புத்தர் படத்துக்கு முன்னால் மெழுகுவத்தி ஏற்றுகிற குடும்பம். சுரங்கத்தில் வேலை பார்த்த அப்பா, அரசமரக் கிளையைக் கடல் தாண்டி இலங்கைக்குக் கொண்டுபோன அசோகரின் மகள் பெயரை ஆசை ஆசையாக மகளுக்கு வைத்தார். அந்தச் சங்கமித்ரா கப்பலில் போனாள். இந்தச் சங்கமித்ரா வந்தது சிட்டி பஸ்ஸில். மேம்பாலத்தடியில் செடி கழிக்கிறவர்கள் வெட்டிப் போட்டிருந்த குவியலிலிருந்து கை நீளத்துக்கு ஒரு குச்சியை உருவிக்கொண்டு ஏறிவிட்டாள். பக்கத்தில் நின்ற பெண்ணின் துப்பட்டாவில் முள் மாட்டிக்கொண்டது. கண்டக்டர் கன்னடத்தில் அர்ச்சனை செய்தார், இவளும் கன்னடத்திலேயே திருப்பிக் கொடுத்தாள். சிவாஜிநகரில் இறங்கும்வரை இரண்டு பேரும் ஓயவில்லை.

அவள் அதைக் கொண்டுவந்தது பூவுக்காக இல்லை, முள்ளுக்காக. அந்த மூலை அப்போது தெருவின் குப்பைத்தொட்டி. யார் யாரோ பைக்கில் வந்து, வண்டியை நிறுத்தாமலே பையை வீசிவிட்டுப் போவார்கள். ஆண்கள் சுவரைப் பார்த்து நிற்பார்கள். மற்ற தெருக்களில் இதற்கு வழக்கமான மருந்து, சாமி படம் போட்ட டைல்ஸை வரிசையாகப் பதித்துவிடுவது. இங்கே வீட்டுக்கார அம்மா சர்ச்சுக்குப் போகிறவர், குடியிருப்பவள் புத்தரைக் கும்பிடுகிறவள். இரண்டு பேரும் சேர்ந்து யாருடைய சாமியைக் கொண்டுபோய் மூத்திரத்துக்குக் காவல் வைப்பது?

"முள்ளு வெச்சிரலாம் ஆன்ட்டி. முள்ளு எந்த மதம்னு பாக்காது, எல்லாரையும் குத்தும்," என்றாள் சங்கமித்ரா. ஐரின் ஆன்ட்டி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். குச்சி ஊன்றிய இரண்டாவது வருஷம் மூலை சுத்தமாகிவிட்டது.

ஐரின் ஆன்ட்டிக்கு இப்போது எழுபத்து மூன்று. டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டராக இருந்து ரிட்டயரானவர். கணவர் போய் இருபது வருஷம் ஆகிறது. ஒரே மகன் க்ளென் ஆஸ்திரேலியாவில், பெர்த் நகரத்தில். பழைய வீடு, உயரமான கூரை, அதில் ஆன்ட்டி ஒருவர் மட்டும்.

அந்த வீட்டுக்குச் சங்கமித்ரா வந்த கதையைச் சொல்லாமல் இந்தக் கதை நகராது. கைக்குழந்தையோடு வீடு தேடி அலைந்த நாட்கள் அவை. பெயரைக் கேட்பார்கள், ஊரைக் கேட்பார்கள், அப்புறம் குரலைத் தாழ்த்தி "நீங்க என்ன ஆளுங்க?" என்பார்கள். பதிலைக் கேட்டதும் வீடு நேற்றே போய்விட்டிருக்கும். எட்டோ ஒன்பதோ கதவுகள் இப்படி. அதற்கு அடுத்து வந்தது இந்தக் கேட். ஐரின் ஆன்ட்டி கேட்டது ஒரே கேள்வி: "என் நாய் கண்ட நேரத்துல குலைக்கும். பாப்பா தூங்குமா?" அவ்வளவுதான். சாவியைக் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போய்விட்டார். அன்றைக்கு வெறும் தரையில் உட்கார்ந்து சங்கமித்ரா விம்மி விம்மி அழுதாள். நன்றி என்ற ஒன்று அன்று நெஞ்சில் ஏறி உட்கார்ந்தது, அதற்குப் பிறகு இறங்கவே இல்லை.

இறக்கி வைக்கவும் வழியில்லை. ஐரின் ஆன்ட்டி கொடுப்பதில் மகாராணி, வாங்குவதில் மகா கஞ்சம். கிறிஸ்துமஸுக்குச் சேலை எடுத்துக் கொடுத்தால், "பீரோல இடமே இல்ல மித்ரா, நீயே கட்டிக்கோ" என்பார். இனிப்பு கொடுத்தால் சுகர் என்பார். ஞாயிற்றுக்கிழமை துடைப்பத்தை எடுத்துக்கொண்டு போனால், "நீ என் டெனன்ட், வேலைக்காரி இல்ல, போ" என்று விரட்டுவார். வீணாவுக்குப் பத்தாம் வகுப்புவரை கணக்குச் சொல்லிக் கொடுத்தது அவர்தான். அதற்கு ஒரு கிலோ ஆப்பிள் கொண்டுபோய் வைத்ததற்கு, அதை நறுக்கி வீணாவுக்கே ஊட்டிவிட்டார். இப்படிப்பட்டவரை என்ன செய்வது?

அவர் மறுக்காமல் வாங்கிக்கொண்டது ஒன்றே ஒன்றுதான், அந்தப் பூ. கோடை தொடங்கிச் செடி முழுக்க நிறம் ஏறியதும், பிரம்பு நாற்காலியைக் கேட்டருகே இழுத்துப் போட்டுக் காபியோடு உட்காருவார். அரைமணி நேரம் அண்ணாந்து பார்ப்பார். "மித்ரா, திஸ் இஸ் டூ மச்," என்பார். அந்த ஒரு வார்த்தைக்காகச் சங்கமித்ரா வருஷம் பூராவும் காத்திருப்பாள்.

பூ சும்மா வந்துவிடவில்லை. முதல் மூன்று வருஷம் அவள் அதைப் பிள்ளை மாதிரி வளர்த்தாள். தினம் இரண்டு குடம் தண்ணீர், மாட்டுச் சாணம், டீத்தூள் சக்கை. செடி தளதளவென்று இலை விட்டதே தவிர, பூ மூச்சே காட்டவில்லை. நாலாவது வருஷம் அப்பா தவறிப்போனார் என்று தங்கவயலுக்குப் போனவள் ஒரு மாசம் கழித்துத் திரும்பினாள். ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லாமல் கிடந்த செடி, இலையெல்லாம் கொட்டிவிட்டு, மேலிருந்து கீழ்வரை பூவாக நின்றது. சங்கமித்ராவுக்கு அப்போதுதான் விஷயம் பிடிபட்டது. வயிறு நிறைந்திருந்தால் இந்தச் செடி இலை விடும். தாகத்தில் தவித்தால்தான் பூக்கும்.

அதிலிருந்து அவளுக்கு ஒரு முறை உண்டு. மழைக்காலம் ஓய்ந்ததும் நாகேஷின் பழைய காக்கிச் சட்டையை மாட்டிக்கொண்டு, கைக்கு இரண்டு ஜோடி சாக்ஸ் போட்டுக்கொண்டு கிளைகளைக் கழிப்பாள். அப்படியும் முள் ரத்தம் பார்க்காமல் விடாது. ஒரு வருஷம் கழித்த கிளை ஒன்று ஆட்டோவின் பின்சக்கரத்தைப் பதம் பார்த்து, நாகேஷ் இரண்டு நாள் அவளோடு பேசவில்லை. கழித்து முடித்ததும் தண்ணீரை நிறுத்திவிடுவாள். செடி வாடும், மஞ்சளாகும், பார்க்கிறவர்கள் "ஐயோ, போச்சா?" என்பார்கள். இவள் கல் மனசோடு இருப்பாள். ஐந்தாறு வாரத்தில் மொட்டு வைக்கும்.

"அப்படி என்னதான் உரம் போடற?" என்று ஆன்ட்டி வருஷா வருஷம் கேட்பார்.

"ஒண்ணுமே போடல ஆன்ட்டி," என்பாள். பொய்யும் இல்லை.

இந்த வருஷம் பொங்கல் கழிந்து ஒருநாள் ஆன்ட்டி அவளைக் கூப்பிட்டனுப்பினார். சாப்பாட்டு மேஜைமேல் காகிதங்கள் பரப்பி வைத்திருந்தார்.

"க்ளென் விடமாட்டேங்கறான் மித்ரா. மே ஏழாம் தேதி டிக்கெட். போனா போனதுதான், இந்த வயசுல திரும்பி வர்றதாவது. முன் வீட்டை வாடகைக்கு விடப்போறான். ஆனா அவுட்ஹவுஸ் பத்தி நீ கவலையே படாத. நீ இருக்கற வரைக்கும் யாரும் உன்னைக் கிளப்பக்கூடாதுன்னு அவன்கிட்ட எழுதி வாங்கிட்டேன்."

சங்கமித்ரா அந்தக் காகிதங்களைப் பார்த்தாள். போகிற நேரத்திலும் கொடுத்துவிட்டுப் போகிறார். இவள் கையில் கொடுக்க என்ன இருக்கிறது? ஒன்றே ஒன்று இருந்தது. அன்றே முடிவு செய்துவிட்டாள். இதுவரை பூக்காத மாதிரி இந்த வருஷம் பூக்க வேண்டும். ஆன்ட்டி கடைசியாகக் கேட்டைத் தாண்டும்போது தலைக்கு மேல் ஒரு இலைகூடத் தெரியக்கூடாது. மே மாசம்வரை பூ நிற்க வேண்டும் என்பதற்காகவே கிளை கழிப்பதை ஜனவரிக் கடைசிக்குத் தள்ளிப் போட்டாள்.

நடுவில் ஆபரேஷன் வந்தது. கர்ப்பப்பையை எடுத்துவிடுவது நல்லது என்று டாக்டர் ஒரு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். இனியும் தள்ளிப்போட முடியாது என்று பிப்ரவரி ஆறாம் தேதி குறித்துவிட்டார்கள். ஆஸ்பத்திரியில் ஒரு வாரம், அப்புறம் தங்கவயலில் அக்கா வீட்டில் ஒரு மாசம் ஓய்வு. சங்கமித்ரா மனசுக்குள் ஒரு கணக்குப் போட்டாள், உள்ளூர மகிழ்ந்தும் போனாள். நான் இல்லாவிட்டால் செடிக்கு யார் தண்ணீர் ஊற்றப்போகிறார்கள்? நாகேஷ் குடிக்கிற தண்ணீரையே கையில் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். அன்றைக்கு அப்பா சாவுக்குப் போனபோது பூத்த மாதிரி, தானே காய்ந்து தானே பூத்துவிடும். சொன்னால் ஆன்ட்டி காதுக்குப் போய்விடும், அப்புறம் என்ன ஆச்சரியம் இருக்கிறது என்று ஒருவரிடமும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவள் செய்த தப்பு அதுதான்.

ஆபரேஷன் நினைத்தபடி நடக்கவில்லை. தையல் போட்ட இடத்தில் சீழ் பிடித்துக் காய்ச்சல் ஏறியது. மறுபடியும் திறந்தார்கள். இரண்டு நாள் என்ன நடந்தது என்றே அவளுக்குத் தெரியாது. வீணா ஆஸ்பத்திரி மாடிப்படியில் உட்கார்ந்து யார் யாருக்கோ போன் செய்து அழுததாகப் பிற்பாடு சொன்னார்கள். மூன்று வாரம் கழித்து வார்டிலிருந்து விட்டார்கள். அக்கா வீட்டுக்குப் போய்ப் படுத்தவள் எழுந்து நடமாட ஏப்ரல் ஆகிவிட்டது. ஆபரேஷன் நாளிலிருந்து மூன்று மாசத்துக்குப் பக்கெட் தூக்கக்கூடாது, குனியக்கூடாது என்று டாக்டர் முதலிலிருந்தே ஆயிரம் தடவை சொல்லியிருந்தார்.

ஏப்ரல் பதினாறாம் தேதி நாகேஷின் ஆட்டோ காக்ஸ் டவுனுக்குள் திரும்பியது. அந்தக் கோடையில் தண்ணீர் லாரி வாரத்துக்கு இரண்டு முறைதான் வந்துகொண்டிருந்தது. வழியெல்லாம் தொட்டிச்செடிகள் கருகிக் கிடந்தன. மூலை வருவதற்கு முன்பே சங்கமித்ரா தலையை வெளியே நீட்டிவிட்டாள்.

ஒரே பச்சை. கழித்த கிளைகளெல்லாம் மறுபடி ஆள் உயரத்துக்கு நீண்டு, உள்ளங்கை அகல இலைகளோடு ஆடிக்கொண்டிருந்தன. ஒரு பூ இல்லை, மொட்டு இல்லை.

"யாருய்யா இதுக்குத் தண்ணி ஊத்தனது?" என்றாள். குரலே மாறிவிட்டது.

"இன்னாமே, வண்டிய விட்டு எறங்கறதுக்குள்ளயே கலாட்டாவா? குளிக்கவே தண்ணி இல்ல, இதுல நான் செடிக்கு ஊத்தனனா?" என்றான் நாகேஷ்.

மறுநாள் காலையில் பதில் கிடைத்தது. வாசல் பக்கம் ஏதோ சத்தம் கேட்டு எழுந்து போனாள். ஐரின் ஆன்ட்டி வந்துகொண்டிருந்தார். இரண்டு முழங்காலிலும் பட்டை கட்டியிருந்தார். கையில் ஒரு பழைய பெயின்ட் பக்கெட், அதில் முக்கால்வாசித் தண்ணீர். நாலு எட்டு வைப்பார், பக்கெட்டைத் தரையில் வைத்துவிட்டு மூச்சு வாங்குவார், மறுபடி நாலு எட்டு. பின்வாசலிலிருந்து மூலைக்கு வந்து சேர எத்தனை முறை நின்றார் என்று சங்கமித்ரா எண்ணவில்லை.

"வந்துட்டியா! பாரு உன் பிள்ளைய!" என்று ஆன்ட்டி முகமெல்லாம் பல்லாகச் சிரித்தார். "ஒரு நாள் விடல. அரிசி கழுவற தண்ணி, காய் கழுவற தண்ணி, நான் குளிக்கறதுலயும் பாதி. நீ பக்கெட் தூக்கக்கூடாதுன்னு வீணா சொன்னா இல்ல? அதான் நான் தூக்கறேன்."

"தேங்க்ஸ் ஆன்ட்டி," என்றாள் சங்கமித்ரா. உள்ளே போய்க் கட்டிலில் உட்கார்ந்தாள். சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. யாருக்காக அந்தப் பூவோ, அவர் கையாலேயே அது வராமல் போயிருக்கிறது. அதுவும் அரிசி கழுவிய தண்ணீர். இலைக்கு அதைவிட நல்ல சாப்பாடு உண்டா?

"சொல்லிடுமே. ஊத்தாதீங்க, ஊத்தனா பூக்காதுன்னு. ஒரு வார்த்த," என்றான் நாகேஷ்.

"எப்டிய்யா சொல்றது? ரெண்டு மாசமா அந்த முட்டிய வெச்சிகினு தூக்கியிருக்காங்க. நீங்க பண்ணது எல்லாம் வீண்னு மூஞ்சிக்கு நேரா சொல்லச் சொல்றியா?"

மே ஏழுக்கு இருபது நாள்தான் இருந்தது. இப்போதே தண்ணீர் நின்றாலாவது நாலு கொத்துப் பூவைப் பார்க்கலாம். சொல்லாமலே நிறுத்த வேண்டும். முதலில் முழங்காலைப் பிடித்தாள். "வேணாம் ஆன்ட்டி, ஏரோப்ளேன்ல ஒக்காரணும், முட்டி வீங்கிடும்" என்றாள். "நடந்தாத்தான் நல்லதுன்னு டாக்டரே சொல்லியிருக்கார்" என்றார் ஆன்ட்டி. அடுத்து பக்கெட்டைக் கொண்டுபோய் ஆட்டோவின் பின்சீட்டுக்கு அடியில் ஒளித்தாள். ஆன்ட்டி அன்றைக்குக் குக்கரில் தண்ணீர் எடுத்துவந்தார், மறுநாள் இன்னொரு பக்கெட்டோடு வந்தார். நாகேஷ் ஒரு முறை வழி மறித்து, "கொடுங்க ஆன்ட்டி, நான் ஊத்தறேன்" என்று வாங்கப் பார்த்தான். "நீ போய் சவாரியைப் பாரு, இது என் வேலை," என்று அவனை ஒரு அதட்டு அதட்டினார்.

அதற்குப் பிறகுதான் நாகேஷுக்கு அந்த யோசனை வந்தது. மத்தியானம் ஆன்ட்டி தூங்குகிற நேரமாகப் பார்த்து, ஆட்டோவுக்கு மழையில் கட்டுகிற நீலத் தார்பாய்த் துண்டை எடுத்துவந்தான். அடிமரத்தைச் சுற்றி மண்ணைக் கொஞ்சம் சீவி, தார்பாயைச் சரிவாக விரித்து, மேலே மண்ணையும் சருகையும் போட்டு மூடினான். ஊற்றுகிற தண்ணீர் வேருக்குப் போகாமல் வழிந்து தெருவுக்கு ஓடிவிடும். சங்கமித்ரா பக்கத்தில் நின்று காவல் காத்தாள். இரண்டு பேரும் திருட்டு வேலை செய்கிற மாதிரி, பேச்செல்லாம் கண்ணாலேயே.

இரண்டு நாள் எல்லாம் நினைத்தபடி நடந்தது. மூன்றாம் நாள் காலையில் சங்கமித்ரா வழக்கம்போல எட்டிப் பார்த்தாள். ஆன்ட்டி தரையில் உட்கார்ந்திருந்தார். நாற்காலியில் உட்கார்ந்து எழுவதற்கே யாரையாவது பிடித்துக்கொள்கிறவர், வெறும் மண்ணில், காலை நீட்டிக்கூட உட்கார முடியாமல் ஒருக்களித்து உட்கார்ந்திருந்தார். கையில் எவர்சில்வர் தம்ளர். பக்கெட்டிலிருந்து ஒரு தம்ளர் மொண்டு, மதிலோரமாகத் துளித்துளியாக ஊற்றினார். வழிந்து ஓடப்பார்த்த தண்ணீரை மண்ணால் அணை போட்டு நிறுத்தினார். அது உள்ளே இறங்கும்வரை காத்திருந்தார். அப்புறம் அடுத்த தம்ளர். உதடு ஏதோ முணுமுணுத்துக்கொண்டே இருந்தது. முன்கையில் முள் கீறிய கோடு ஒன்று சிவப்பாகத் தெரிந்தது.

சங்கமித்ராவுக்கு அடிவயிற்றில் தையல் போட்ட இடம் சுண்டி இழுத்தது. பதினேழு வருஷத்துக்கு முன்னால் சாவியைக் கொடுத்த அதே கை. அந்தக் கையை ஏமாற்றத்தானா மண்ணுக்குள் தார்பாயைப் புதைத்தோம்? பூவும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம். அவள் அன்று மத்தியானமே நாகேஷைக் கூப்பிட்டு அதை உருவி எடுக்கச் சொன்னாள். அவன் அவளுடைய முகத்தைப் பார்த்துவிட்டு மண்ணைத் தோண்டினான்.

அடுத்த நாளிலிருந்து காலையில் ஆன்ட்டி வரும்போது சங்கமித்ராவும் போய்ப் பக்கத்தில் நின்றாள். ஆன்ட்டி ஊற்றுவார், இவள் கதை பேசுவாள். பக்கெட்டைத் தொட விடவில்லை. அந்தப் பத்துப் பதினைந்து நாள் இரண்டு பேரும் பேசிய அளவுக்கு, அதற்கு முந்தைய பத்து வருஷத்தில்கூடப் பேசியிருக்க மாட்டார்கள். எக்ஸ்சேஞ்சில் யார் யார் பேச்சையெல்லாம் ஒட்டுக் கேட்டார் என்று ஆன்ட்டி சொல்லச் சொல்ல, சிரித்தால் தையல் வலிக்கும் என்று சங்கமித்ரா வயிற்றைப் பிடித்துக்கொண்டு கெஞ்சினாள். செடி தினமும் ஒரு சாண் வளர்ந்தது. இலை ஒவ்வொன்றும் எண்ணெய் தடவியது மாதிரி பளபளத்தது. பார்க்கிறவர்கள் இது என்ன செடி என்று கேட்கிற நிலைமை.

மே ஏழு வந்தது. ஒரு வாரம் முன்பே பெர்த்திலிருந்து வந்திருந்த க்ளென் பெட்டிகளை வாடகைக் காரில் ஏற்றிக்கொண்டிருந்தான். அன்று காலையில் ஆன்ட்டி தண்ணீர் ஊற்ற வரவில்லை. கிளம்புகிற அவசரம் என்று சங்கமித்ரா நினைத்துக்கொண்டாள். பத்து மணிக்கு ஆன்ட்டி வெளியே வந்தார். காரைப் பார்த்துப் போகாமல் மூலைக்கு நடந்தார். சங்கமித்ராவும் கூடப் போனாள்.

இனிமேல் சொல்லாவிட்டால் எப்போதும் சொல்ல முடியாது என்று அவளுக்குத் தோன்றியது. "ஆன்ட்டி, நீங்க போறப்ப இத்த முழுக்கப் பூவா காட்டணும்னு நெனச்சிருந்தேன். ஒண்ணுகூட வரல," என்றாள்.

"தண்ணி ஊத்தினா எப்படி வரும்?" என்றார் ஆன்ட்டி.

சங்கமித்ரா அவரையே பார்த்தாள்.

"என்ன பாக்கற? வருஷா வருஷம் என் கிச்சன் ஜன்னல்ல இருந்து பாக்கறேன். கிளையை வெட்டின மறுநாள் குடத்தை உள்ள எடுத்து வெச்சிருவ. அது உயிருக்குப் போராடும், நீ மூஞ்சியத் திருப்பிக்கிட்டுப் போவ. அப்புறம் பூக்கும். இது தெரியாதா எனக்கு? தார்பாயும் தெரியும். நாகேஷுக்கு ஒழுங்காப் புதைக்கக்கூடத் தெரியல, நீல ஓரம் வெளிய எட்டிப் பாத்துச்சு."

"அப்புறம் ஏன் ஆன்ட்டி ஊத்தனீங்க?"

ஆன்ட்டி கைக்குட்டையால் மூக்கைத் துடைத்துக்கொண்டார்.

"ரெண்டாவது தடவை உன்னைத் திறந்தப்போ வீணா எனக்குத்தான் போன் பண்ணா. டாக்டர் ஒண்ணும் சொல்ல மாட்டேங்கறார் ஆன்ட்டின்னு கத்தினா. போனை வெச்சிட்டு வெளிய வந்தேன். இது இலையெல்லாம் கொட்டிட்டு, குச்சி குச்சியா, செத்தது மாதிரி நின்னுட்டிருந்துச்சு. என்னால பாக்க முடியல மித்ரா. அங்க நீ, இங்க இது. அப்படியே நின்னு பொருத்தனை பண்ணேன். ஆண்டவரே, அவ எழுந்து நடக்கணும், டாக்டர் சொன்ன மூணு மாசம் முடியற வரைக்கும் இதை ஒரு நாள்கூடக் காய விடமாட்டேன், என் கையாலதான் ஊத்துவேன்னு. நேர்ந்துகிட்டதை நடுவுல நிறுத்த முடியுமா? வெளிய சொல்லவும் கூடாது. நேத்தோட முடிஞ்சுது. அதான் இன்னிக்கு வரல."

சங்கமித்ரா அழுதாள். மறைக்காமல், கார் டிரைவர் பார்க்கிறான் என்றுகூட நினைக்காமல் அழுதாள். "பதினேழு வருஷத்துல நான் ஒங்களுக்கு ஒண்ணுமே குடுத்ததில்ல ஆன்ட்டி. இந்தப் பூ ஒண்ணுதான் இருந்துச்சு. அதுவும் இல்லாம போவறீங்க," என்றாள்.

"ஒண்ணுமே குடுக்கலயா? நான் என்ன கேட்டேன்? நீ எழுந்து நடக்கணும்னு கேட்டேன். நடக்கற. வாங்கிக்கிட்டேன்மா," என்றார் ஐரின் ஆன்ட்டி. அவள் கன்னத்தை இரண்டு கையாலும் பிடித்து நெற்றியில் முத்தம் கொடுத்தார்.

க்ளென் வந்து அம்மாவின் தோளைத் தொட்டான். ஆன்ட்டி காரில் ஏறினார். கார் மெல்ல நகர்ந்தது. சங்கமித்ரா கேட்டோடு நிற்கவில்லை, பின்னாலேயே நடந்தாள். பின்கண்ணாடி வழியாக ஆன்ட்டி திரும்பிப் பார்த்துக்கொண்டே இருந்தார். அதைக் கண்டதும் வயிற்றைப் பிடித்திருந்த கையை எடுத்தாள். வலி இருக்கத்தான் செய்தது. தெருமுனைவரைக்கும், கார் திரும்பி மறையும்வரைக்கும், அவர் நன்றாகப் பார்க்கட்டும் என்று நிமிர்ந்து, வீசி வீசி நடந்தாள்.